மாத்திரை போட்டா ஷிஃப்ட் ஓடிடும்... முதுகு? ஆம்பூர் - வேலூர் தோல் தொழிலாளர்களுக்கு ஒரு முதுகுவலி கைடு

காலை ஏழரை மணி. கம்பெனி பஸ் வந்து நிக்குது. ஏறுறதுக்கு முன்னாடி டிபன் பையின் சைடு ஜிப்பைத் திறந்து, அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கிறீங்க. "இன்னைக்கு ஒருநாள் ஓட்டிடலாம்" என்று மனசுக்குள் ஒரு கணக்கு. சாயங்காலம் திரும்பும்போது இடுப்பு மறுபடி பிடிச்சுக்குது. மெடிக்கலில் அதே மாத்திரை, இன்னொரு அட்டை.

இப்படி ஓட்டி எத்தனை மாசம் ஆச்சு?

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் இந்தத் தோல் பட்டையில், நீங்க டேனரியில் இருந்தாலும் சரி, ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் இருந்தாலும் சரி, வீட்டில் உட்கார்ந்து அப்பர் தைத்தாலும் சரி, உங்களுக்கோ பக்கத்து சீட்டுக்காரருக்கோ இந்தக் கதை பழக்கமானதுதான். மாத்திரை தப்பில்லை. எந்த மாத்திரை, எத்தனை நாள், யாரைக் கேட்டு என்பதில்தான் விஷயம் இருக்கு. அதை ஒவ்வொண்ணாப் பார்ப்போம்.

எப்போ அது 'நாள்பட்ட' வலி?

கனமான எதையோ தூக்கினீங்க, 'கடக்'குன்னு பிடிச்சுது, ரெண்டு மூணு வாரத்தில் சரியாச்சு என்றால் அது திடீர் வலி. ஆறு வாரத்துக்குள் பெரும்பாலானவர்களுக்கு இது நல்லாவே குறைஞ்சிடும். மூன்று மாதத்தைத் தாண்டியும் விட்டு விட்டோ, தொடர்ந்தோ இருந்தால்தான் அதை நாள்பட்ட கீழ்முதுகுவலி என்கிறார்கள்.

நீங்க தனியாள் இல்லை. 2020-ல் உலகம் முழுக்க சுமார் 61.9 கோடிப் பேருக்குக் கீழ்முதுகுவலி இருந்ததாக ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2050-ல் அது 84.3 கோடியைத் தொடும் என்கிறது அதே ஆய்வு. மனிதர்களை வேலை செய்ய முடியாமல் முடக்கிப்போடும் காரணங்களில் உலக அளவில் முதலிடம் இதுக்குத்தான்.

இதில் பத்துப் பேரில் சுமார் ஒன்பது பேருக்கு, 'இந்த எலும்பு, இந்த நரம்பு' என்று விரலால் தொட்டுக் காட்டும் ஒரே காரணம் இருக்காது. தசை, மூட்டு, ஜவ்வு, தூக்கம், மனஅழுத்தம், வேலை செய்யும் முறை என எல்லாம் சேர்ந்துதான் வலி. 'டாக்டருக்கே என்னன்னு தெரியலை' என்று பயப்படாதீங்க. ஆபத்தான நோய் எதுவும் இல்லை என்பதும் ஒரு நல்ல ரிசல்ட்தான்.

தோல் வேலை முதுகை என்ன பண்ணுது?

டேனரியில் உப்புப் போட்ட மாட்டுத்தோல் ஒன்று 20 கிலோவுக்கு மேலேயும் இருக்கும். டிரம்மிலிருந்து வரும் ஈரத்தோல் வழுக்கும், கைப்பிடி கிடையாது. குனிந்து, திரும்பி, இழுத்துப் போடணும். குனிவதும் திரும்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும்போதுதான் கீழ்முதுகுக்குச் சுமை அதிகம். தரையும் ஈரம். வழுக்காமல் இருக்க உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டே நடப்பீங்க.

ஷூ கம்பெனியில் கட்டிங் பிரஸ்ஸில் இருந்தால் நாள் முழுக்க நிற்கணும். அப்பர் தையலில் இருந்தால் கழுத்தையும் முதுகையும் வளைத்து ஊசியையே பார்க்கணும். இதில் எடை இல்லை. ஆனா மணிக்கணக்கில் அசையாமல் ஒரே வளைவு.

ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் வீட்டிலிருந்தே கையால் அப்பர் தைக்கும் பெண்களுக்கு நிலைமை இன்னும் கஷ்டம். தரையில் சம்மணம், மடியில் தோல், ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. இடைவேளை எடுத்தால் அன்றைய காசு குறையும். அதோடு தண்ணீர் பிடிப்பது, துணி துவைப்பது, சமைப்பது எல்லாமும் அதே முதுகுதான்.

முதல்ல இதைப் படிங்க: இந்த அறிகுறி இருந்தா காத்திருக்காதீங்க

உடனே, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியவை:

* சிறுநீர் போக முடியவில்லை, அல்லது தானாகக் கசிகிறது. மலம் கட்டுப்பாட்டில் இல்லை.
* பிறப்புறுப்பு, ஆசனவாய், உள்தொடை பகுதியில் மரத்துப்போன உணர்வு.
* கால் பலவீனம். செருப்பு கழன்று விழுவது தெரியவில்லை, பாதத்தைத் தூக்க முடியவில்லை.
* மாடியிலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பிறகு வந்த கடுமையான வலி.

முதல் மூன்றும் கீழ்முதுகு நரம்புக்கற்றை நசுங்குவதன் அடையாளமாக இருக்கலாம். இதில் மணிக்கணக்கில் தாமதமானாலும் நிரந்தரப் பாதிப்பு வரலாம். 108-ஐக் கூப்பிடுங்க.

சில நாள்களுக்குள் கண்டிப்பாக டாக்டரைப் பார்க்கவேண்டியவை:

* சாயங்காலக் காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவது. நம்ம ஊரில் முதுகெலும்புக் காசநோயை எப்பவும் மனசில் வெச்சுக்கணும். நுரையீரலுக்கு மட்டும்தான் டி.பி வரும்னு நினைக்காதீங்க.
* ஏற்கெனவே புற்றுநோய் இருந்தவர்களுக்குப் புதிதாக வரும் முதுகுவலி.
* நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், வயதானவர்களுக்குத் திடீர் வலி.
* 45 வயதுக்குள் தொடங்கிய வலி, காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கம், ஓய்வெடுத்தால் கூடுது, நடமாடினால் குறையுது என்றால் அது அழற்சி வகை முதுகுவாதமாக இருக்கலாம். இதுக்கு மருந்தே வேற. இளைஞர்களில் பலர் இதைச் 'சாதாரண வலி'ன்னு நினைச்சு வருஷக்கணக்கில் தள்ளிப்போடறாங்க.

யாரைப் பார்க்கிறது?

நேரா பெரிய ஸ்பெஷலிஸ்ட்டிடம் ஓடவேண்டிய அவசியமில்லை. உங்க பகுதி ஆரம்ப சுகாதார நிலையம், இ.எஸ்.ஐ மருந்தகம், அல்லது வழக்கமாகப் பார்க்கும் எம்.பி.பி.எஸ் டாக்டர் முதல் படி. அவர் தேவைப்பட்டால் அடுத்த இடத்துக்கு அனுப்புவார். ஆம்பூர், வாணியம்பாடி அரசு மருத்துவமனைகள், அடுக்கம்பாறையில் இருக்கும் வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி என்று நம்ம பெல்ட்டில் வாய்ப்புகள் நிறையவே இருக்கு.

எலும்பு மூட்டு மருத்துவர் எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாத இன்னொருவர், பி.எம்.ஆர் டாக்டர். அதாவது உடலியல் மருத்துவம் மற்றும் மறுவாழ்வு நிபுணர். அறுவை சிகிச்சை இல்லாமல் வலியோடு வேலைக்குத் திரும்பவைப்பதுதான் இவங்க ஸ்பெஷல். காலை இறுக்கம் இருந்தால் ருமட்டாலஜிஸ்ட். இவங்களோடு பிசியோதெரபிஸ்ட். நாள்பட்ட வலியில் உங்களோட அதிக நேரம் செலவிடப்போவது அவங்கதான்.

'எம்.ஆர்.ஐ எடுத்துட்டா தெரிஞ்சிடுமே?'

இங்கேதான் பலர் பணத்தையும் நிம்மதியையும் சேர்த்து இழக்கிறாங்க. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களை அலசிய ஒரு தொகுப்பு ஆய்வு 2015-ல் வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவிகிதம் பேருக்கு ஜவ்வுத் தேய்மானம். 80 வயதில் 96 சதவிகிதம். ஜவ்வு பிதுக்கம் 20 வயதில் 30 சதவிகிதம் பேருக்கு இருந்தது.

அதாவது தலைமுடி நரைப்பது மாதிரி ஜவ்வும் தேயும். ரிப்போர்ட்டில் 'பல்ஜ்', 'டிஜெனரேஷன்' என்று பார்த்ததும் 'ஜவ்வு விலகிடுச்சு, இனி வாழ்க்கை முடிஞ்சுது'ன்னு முடிவு கட்டாதீங்க. மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகள் இருந்தாலோ, காலில் இறங்கும் நரம்புவலி ஆறு வாரமாகியும் குறையாமல் ஊசி, ஆபரேஷன் பற்றி யோசிக்கும் கட்டத்திலோ ஸ்கேன் உதவும். "இந்த ஸ்கேன் ரிசல்ட்டால என் சிகிச்சை மாறுமா டாக்டர்?" என்று கேட்டுட்டு எடுங்க.

மாத்திரைப் பையைத் திறப்போம்

உங்க பையில் இருக்கும் அட்டையைத் திருப்பி, பிராண்ட் பேருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்துப் பேரைப் பாருங்க. பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

*1. டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸன், எட்டோரிகாக்ஸிப்*

எல்லாம் ஒரே குடும்பம். வீக்கத்தையும் வலியையும் குறைக்கும். முதுகுவலிக்கு ஓரளவு பலன் தரும் என்று ஆதாரம் உள்ள மருந்துகள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட நாள்பட்ட கீழ்முதுகுவலி வழிகாட்டுதலும் இவற்றுக்கு இடம் தருது. விதி ஒன்றுதான்: குறைந்த அளவு, குறைந்த நாள்.

விதியை மீறினால் வயிற்றுப்புண், ரத்தக்கசிவு, ரத்த அழுத்தம் ஏறுவது, இதயப் பிரச்னை, சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் மாத்திரையை நிறுத்திட்டு உடனே டாக்டரைப் பாருங்க.

நம்ம ஊருக்கு ஸ்பெஷலா ஒரு எச்சரிக்கை. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாள்களில், ஷெட்டுக்குள் வியர்த்துக் கொட்டி, பாத்ரூம் போகணுமேன்னு தண்ணீரும் குடிக்காமல் இந்த மாத்திரையைப் போட்டால், அடி வாங்குறது கிட்னி. தண்ணீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் ஏற்கெனவே குறைவு. இந்த மாத்திரை அதை இன்னும் குறைக்கும். சர்க்கரை நோய், பி.பி மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து இரட்டிப்பு.

* வெறும் வயிற்றில் வேண்டாம். அந்தக் காலை ஏழரை மணி மாத்திரை, இட்லி சாப்பிட்ட பிறகா முன்னாடியா?
* இந்தக் குடும்பத்தில் ரெண்டு மாத்திரையைச் சேர்த்துப் போடவே கூடாது. பல்வலிக்கு ஒண்ணு, இடுப்புவலிக்கு ஒண்ணு என்றாலும் வயிறு ஒண்ணுதான்.
* கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.
* டாக்டர் எழுதிய நாள் முடிந்தும் தேவைப்பட்டால், மெடிக்கலுக்குப் போறதுக்கு முன்னாடி மறுபடி டாக்டர்கிட்ட போங்க.

*2. பாராசிட்டமால்*

வயிற்றுக்குப் பாதுகாப்பானது. ஆனா முதுகுவலிக்குத் தனியாக எடுத்தால் பெரிய பலன் இல்லை. 2014-ல் ஆஸ்திரேலியாவில் 1,652 பேரை வைத்து நடந்த ஆய்வில், திடீர் கீழ்முதுகுவலி குணமாகும் வேகம் பாராசிட்டமாலிலும் வெற்று மாத்திரையிலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். கடைகளில் கிடைக்கும் பல வலி மாத்திரைகளில் அசிக்ளோஃபினாக்கோடு 325 மி.கி பாராசிட்டமாலும் சேர்ந்தே இருக்கும். அது தெரியாமல் காய்ச்சலுக்கு 650 மி.கி தனியா போட்டால் அளவு கூடிக்கிட்டே போகும். அதிகமானால் கல்லீரல் பாதிக்கும். குடிப்பழக்கம் இருந்தால் இன்னும் கவனம்.

*3. தசைத் தளர்த்தி மாத்திரைகள்*

திடீர்ப் பிடிப்புக்குச் சில நாள் தருவாங்க. மாசக்கணக்கில் எடுக்கவேண்டியவை அல்ல. பல மருந்துகள் தூக்கத்தை வரவைக்கும். போட்டுட்டு டூ வீலர் ஓட்டுறது, கட்டிங் பிரஸ்ஸில் கை வைக்கிறது ரெண்டுமே ரிஸ்க். விரல் போனா வராது. "நான் மெஷினில் வேலை செய்றேன்" என்று டாக்டரிடம் கண்டிப்பா சொல்லுங்க.

*4. நரம்புவலி மாத்திரைகள்*

பிரிகாபலின், கேபாபென்டின் வகை. 'நரம்பு இழுக்குது' என்றாலே இதை எழுதிடும் பழக்கம் பரவலா இருக்கு. ஆனா இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் சயாட்டிகா வலிக்குப் பிரிகாபலின் கொடுத்துப் பார்த்த 2017-ம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரையைவிட அது வலியைக் குறைக்கவில்லை, தலைச்சுற்றல்தான் கூடியது. சர்க்கரை நோயால் வரும் பாத எரிச்சல் மாதிரி வேறு நரம்புவலிகளுக்கு இது உதவும். ஏற்கெனவே எடுத்துட்டு இருந்தால் திடீர்னு நிறுத்தாதீங்க. டாக்டரிடம் கேட்டுப் படிப்படியா குறைக்கணும். சிலருக்கு டூலாக்சிடின் அல்லது குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் தருவாங்க. நெட்டில் தேடினால் 'மனச்சோர்வு மருந்து' என்று வரும். டாக்டர் உங்களைப் பைத்தியம்னு நினைச்சுட்டார் என்று அர்த்தமில்லை. மூளைக்குப் போகும் வலிச் செய்தியைத் தணிக்கும் வேலையும் அந்த மருந்துகளுக்கு உண்டு.

*5. டிரமடால், டபென்டடால்*

ஓபியாய்டு வகை. பழக்கத்துக்கு அடிமையாக்கும். டிரமடால் 2018-லேயே போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. நாள்பட்ட முதுகுவலிக்கு ஓபியாய்டுகளை வழக்கமாகத் தரவேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. சீட்டு இல்லாமல் யாராவது நீட்டினால் வாங்காதீங்க.

*6. ஸ்டீராய்டு, 'ஒரே ஊசியில் சரியாகும்' ஊசி, பேர் இல்லாத பொடி*

ஒரு ஊசி போட்டதும் மறுநாளே ஓடலாம் போல இருந்தால் சந்தோஷப்படும் முன் "என்ன ஊசி?" என்று கேளுங்க, சீட்டில் எழுதி வாங்குங்க. அடிக்கடி ஸ்டீராய்டு உள்ளே போனால் சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், முகம் ஊதும், கிருமித்தொற்று சுலபமாக வரும். மூட்டுவலிக்கு என்று பாக்கெட்டில் விற்கும் பேர் இல்லாத பொடி, உருண்டைகள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பல இடங்களில் பரிசோதனைகளில் தெரியவந்திருக்கிறது. பி-12 ஊசி, ரத்தத்தில் அந்தச் சத்து குறைவாக இருந்தால்தான் பயன்.

*7. ஜெல், ஒத்தடம்*

வெந்நீர் ஒத்தடம் செலவில்லாதது, பக்கவிளைவும் இல்லை. பதினைந்து நிமிஷம் போதும். தேய்க்கும் ஜெல்லில் இருக்கும் மருந்து மாத்திரை அளவுக்கு உடம்புக்குள் போகாது. சுளுக்கு எடுப்பவரிடம் மென்மையாகத் தடவிக்கொள்வது சுகம் தரலாம். முறுக்கி, திருகி, ஏறி மிதிப்பது வேண்டவே வேண்டாம்.

பெல்ட்டும் டிராக்‌ஷனும்

இடுப்பு பெல்ட் இல்லாமல் வேலைக்கே போக மாட்டேன் என்பவரா நீங்க? உலக சுகாதார நிறுவனத்தின் அதே வழிகாட்டுதல், பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய புரிதல், மனசுக்கான சிகிச்சை, தேவைப்பட்டால் குறுகிய கால மருந்து என்பதுதான் அது தரும் பட்டியல். பெல்ட்டைத் திடீர்னு தூக்கிப் போடவேண்டாம். தசைகளைப் பலப்படுத்திக்கிட்டே நேரத்தைக் குறைச்சுட்டு வாங்க.

வேலூர் உலகத்துக்குச் சொன்ன வலிப் பாடம்

வலி பற்றி உலகம் படிக்கும் ஒரு பெரிய பாடம் நம்ம வேலூரில் எழுதப்பட்டது. டாக்டர் பால் பிராண்ட் 1946-ல் சி.எம்.சி-க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கை, கால் விரல்கள் ஏன் சிதைகின்றன என்று ஆராய்ந்தபோது அவர் கண்டது இதுதான்: நோய் விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி இல்லாததால் சூடு, வெட்டு, புண் எதுவும் அவங்களுக்குத் தெரியறதில்லை. காயத்தின் மேலேயே காயம் பட்டு விரல் போகுது. வலிதான் நம்ம காவல்காரன் என்பதைத் தன் வாழ்நாள் முழுக்க அவர் எழுதினார், பேசினார்.

மாத்திரையால் வலியை அமுக்கிட்டு, அதே குனிவு, அதே சுமை, அதே வேகத்தில் வேலை பார்ப்பது அந்தக் காவல்காரனின் வாயைக் கட்டுற மாதிரிதான்.

ஆனா நாள்பட்ட வலியில் இன்னொரு பக்கமும் இருக்கு. மாசக்கணக்கில் அலாரம் அடிச்சு அடிச்சு, நரம்பு மண்டலம் அதிகம் கூச்சப்பட ஆரம்பிச்சிடும். பூனை குதிச்சாலும் அடிக்கும் கார் அலாரம் மாதிரி. அப்போ வலி இருக்கு என்பதாலேயே உள்ளே ஏதோ உடையுது என்று அர்த்தமில்லை. அதனால்தான் ஆபத்து அறிகுறி இல்லை என்று டாக்டர் உறுதி செய்த பிறகு, கொஞ்சம் வலி இருந்தாலும் நடமாடச் சொல்றாங்க. படுத்தே கிடந்தால் தசை இளைக்கும், பயம் வளரும், வலி கூடும்.

அதே சி.எம்.சி-யின் இன்னொரு பெயர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-ல் நடந்த ஒரு சாலை விபத்தில் தண்டுவடம் பாதித்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார், பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்தார். அவர் பேரில் 1966-ல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு மையம் இன்றும் இயங்குது. முன்னே சொன்ன பி.எம்.ஆர் துறை இந்தியாவில் வேர் பிடித்த இடங்களில் ஒன்று, உங்க வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கு.

ஃபீஸ் இல்லாத மருந்து: நடை

2024-ல் 'லான்செட்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேர். ஒரு பிரிவினருக்குப் படிப்படியாகக் கூட்டும் நடைப்பயிற்சி. வாரம் ஐந்து நாள், தினம் 30 நிமிடம் வரை. கூடவே பிசியோதெரபிஸ்ட்டின் வழிகாட்டல். நடந்தவர்களுக்கு வலி திரும்பி வர நடுமட்டமாக 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள்.

'நாள் முழுக்க நிற்கிறேன், இதுல நடை வேறயா?' என்பீங்க. ஒரே இடத்தில் நிற்பதும் கைவீசி நடப்பதும் முதுகுக்கு வேற வேற. முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்குங்க. போனில் இருக்கும் ஸ்டெப் கவுன்ட்டரை இதுக்காவது பயன்படுத்துங்க.

வீட்டில் பாயில் படுத்துச் செய்ய மூன்று பயிற்சிகள். பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை சரிபார்த்துட்டுத் தொடங்குங்க:

* மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மார்புப் பக்கம் இழுத்து 15 விநாடி. பிறகு மறு கால்.
* மல்லாந்து, முழங்கால் மடக்கி, பாதம் தரையில் ஊன்றி, இடுப்பை மட்டும் மெதுவாகத் தூக்கி 5 விநாடி நிறுத்தி இறக்குங்க. பத்து தடவை.
* தவழும் நிலையில் வலக்கையையும் இடக்காலையும் நேராக நீட்டுங்க. 5 விநாடி. பிறகு மாற்றிச் செய்யுங்க.

லேசான வலி ஓகே. வலி காலுக்குப் பரவினாலோ, மறுநாளும் கூடியே இருந்தாலோ நிறுத்திட்டுக் கேளுங்க.

வேலை இடத்தில் என்ன மாத்தலாம்?

* தையல் மெஷினில்: ஸ்டூல் உயரம் சரியில்லை என்றால் குஷன் வெச்சு உயர்த்துங்க. மெஷினை நோக்கி நீங்க குனியாமல், நாற்காலியை மெஷின் அருகே இழுங்க. அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்துப் பின்னால் சாயுங்க. பத்து விநாடி வேலைதான்.
* நிற்கும் வேலையில்: ஒரு செங்கல் உயரத்துக்குச் சின்னப் பலகை. ஒரு காலை மாத்தி மாத்தி அதன்மேல் வையுங்க.
* டேனரியில்: தோலை உடம்போடு ஒட்டிப் பிடிங்க. இடுப்பைத் திருகாமல், பாதத்தை நகர்த்தித் திரும்புங்க. கனமான தோலுக்கு ரெண்டு பேர்.
* வீட்டில் அப்பர் தைப்பவர்கள்: சுவரில் முதுகு சாய்த்து, மடியில் தலையணை வைத்து வேலையைக் கண்ணுக்கு அருகே கொண்டுவாங்க. ஒவ்வொரு ஜோடி முடிந்ததும் ஒருமுறை எழுந்திருங்க.

நின்றே வேலை செய்பவர்களுக்கு வாய்ப்பு கிடைக்கும்போது உட்கார வசதி செய்து தரவேண்டும் என்பது 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44-ம் பிரிவில் எழுதப்பட்ட விஷயம். ஸ்டூல் கேட்பது சலுகை கேட்பதில்லை. தனியாகக் கேட்கத் தயக்கமா இருந்தால் லைனில் நாலு பேர் சேர்ந்து, சங்கம் இருந்தால் சங்கம் மூலமாகக் கேளுங்க.

லீவு போட்டா சம்பளம் போகுமே?

மாத்திரை போட்டுட்டு ஓடுறதுக்கு உண்மையான காரணம் இதுதானே? உங்க பே ஸ்லிப்பை எடுங்க. இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கா பாருங்க. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 0.75 சதவிகிதம், கம்பெனியின் பங்கு 3.25 சதவிகிதம். 12,000 ரூபாய் சம்பளம் என்றால் உங்ககிட்ட பிடிப்பது 90 ரூபாய், கம்பெனி கட்டுவது 390 ரூபாய். 2017 முதல் சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய்.

இந்தக் காசுக்கு உங்களுக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை மட்டுமில்லை, இ.எஸ்.ஐ டாக்டர் சான்றிதழ் கொடுத்தால், விடுப்பு நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவிகிதம், வருஷத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதுக்கு ஆறு மாத சந்தா காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்கணும். ஜவ்வு பிதுங்கிய கடுமையான நிலை, கூடுதல் காலத்துக்கு உதவித்தொகை தரும் நோய்கள் பட்டியலிலும் இருக்கு. இ.எஸ்.ஐ கிளை அலுவலகத்தில் கேளுங்க. தனியார் டாக்டரிடம் பார்த்துட்டு வீட்டில் இருந்தால் இந்தப் பணம் தானா வராது. முதல் நாளே இ.எஸ்.ஐ மருந்தகத்தில் பதிவு பண்ணணும்.

வீட்டிலிருந்து தைக்கும் பெண்களுக்கு இ.எஸ்.ஐ பெரும்பாலும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் டாக்டரும் மருந்தும் இலவசம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுத்து வையுங்க. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தேவைப்படுபவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி தரும் ஏற்பாடும் உண்டு. உங்க பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேளுங்க.

டாக்டரிடம் அஞ்சு நிமிஷம்தான் கிடைக்குமா? போனை ரெடி பண்ணுங்க

கூட்டமான ஓ.பி-யில் நேரம் குறைவு. முன்னாடியே தயாரா போங்க:

* ஏழு நாள் வலிக் குறிப்பு: எப்போ, எங்கே, 10-க்கு எத்தனை, எதனால் கூடுது, எதனால் குறையுது.
* எடுத்துக்கிட்டிருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளின் போட்டோ. பி.பி, சர்க்கரை, நாட்டு மருந்து உட்பட.
* நீங்க எப்படி உட்கார்ந்து அல்லது நின்று வேலை செய்றீங்க என்று 15 விநாடி வீடியோ. கம்பெனிக்குள் போன் கூடாதென்றால் வீட்டில் நடிச்சுக் காட்டி எடுங்க.
* கேட்கவேண்டியவை: இந்த மாத்திரை எத்தனை நாள்? எப்போ நிறுத்தணும்? மெஷினில் வேலை செய்யலாமா? எந்தப் பயிற்சி? மறுபடி எப்போ வரணும்?

வலியை 10-லிருந்து பூஜ்யமாக்கணும் என்று இலக்கு வைத்தால் ஏமாற்றம்தான். 'ஒரு மணி நேரம் தொடர்ந்து உட்காரணும்', 'குழந்தையைத் தூக்கணும்', 'ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கணும்' என்று இலக்கைச் சொல்லுங்க. டாக்டரால் அதை நோக்கித் திட்டம் போட முடியும்.

ஆபரேஷன்?

கால் பலவீனம் கூடிக்கிட்டே போவது, சிறுநீர்க் கட்டுப்பாடு போவது என்றால் ஆபரேஷன் அவசரம். ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தும் கால்வலி ஆறு வாரத்துக்கு மேலும் தாங்க முடியாமல் இருந்தால், அது ஒரு நல்ல வாய்ப்பு. வெறும் இடுப்புவலிக்கு ஆபரேஷன் பெரும்பாலும் பதில் இல்லை. பிதுங்கிய ஜவ்வு பலருக்குத் தானாகவே சுருங்குது. முதுகில் போடும் எபிடியூரல் ஊசி கால்வலிக்குச் சில வாரம் நிம்மதி தரும்; நிரந்தரத் தீர்வு இல்லை. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு டாக்டரின் கருத்தையும் கேட்பது தப்பே இல்லை.

மனசும் இடுப்பும்

தூக்கம் கெட்டால் வலி கூடும். வலி கூடினால் தூக்கம் கெடும். கடன், டார்கெட், 'வேலை போயிடுமோ' என்ற பயம் எல்லாம் தசையை இறுக்கும். எதிலும் பிடிப்பில்லாமல் ரெண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்க. டெலி மனஸ் எண் 14416-ல் தமிழிலேயே, இலவசமா பேசலாம். 'எல்லாம் உன் மனப்பிரமை'ன்னு யாராவது சொன்னால் நம்பாதீங்க. வலி உண்மை. மனசு அதன் வால்யூமைக் கூட்டும், குறைக்கும். அவ்வளவுதான்.

இந்த வாரம் மூணே மூணு வேலை

ஒண்ணு, பையில் இருக்கும் மாத்திரை அட்டையை போட்டோ எடுத்து, அதில் என்ன மருந்து இருக்குன்னு படிங்க. ரெண்டு, பே ஸ்லிப்பில் இ.எஸ்.ஐ எண்ணைப் பார்த்து வையுங்க. மூணு, நாளைக்குச் சாயங்காலம் பத்து நிமிஷம் நடங்க.

மறுபடி காலை ஏழரை மணி பஸ் வரும். அப்போ மாத்திரை போடுற மாதிரி இருந்தால், சாப்பிட்ட பிறகு, ஒரு டம்ளர் தண்ணீரோடு, டாக்டர் சொன்ன நாள் வரைக்கும் மட்டும் போடுங்க. கூடவே ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துக்கங்க, வெயில் ஏறப்போகுது!